மெல்லிய மடிக்கணினியை வீட்டில் மேசைக் கணினியாகப் பயன்படுத்துவது எப்படி

எடை குறைந்த மடிக்கணினிகள் நடமாட்டத்துக்காக உருவானவை. ஒரு கிலோவைச் சுற்றிய எடை, 13 அல்லது 14 அங்குலத் திரை, பகல் முழுதும் தாங்கும் பேட்டரி என்று அவற்றின் ஒவ்வொரு கூறும் பையில் வைத்து எடுத்துச் செல்பவரை மனத்தில் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. அதே கணினியை வீட்டு மேசையில் வைத்து நாளெல்லாம் வேலை செய்யத் தொடங்கும்போது அதன் அடிப்படைச் சிக்கல் புலப்படும். திரையும் விசைப்பலகையும் பிணைந்தே இருப்பதால், திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் கைகள் அந்தரத்தில் நிற்கும். விசைப்பலகையைக் கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து மணிக்கணக்கில் கவிழ்ந்தே இருக்கும். தனி மானிட்டர், தனி விசைப்பலகை, தனி மவுஸ் ஆகிய மூன்றையும் இணைத்துவிட்டால் இந்தப் பிணைப்பு அறுபடும். மடிக்கணினி மேசையின் ஓரத்தில் இருந்துகொண்டு செயலியின் (புராசசர்) வேலையை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

எழுத்து, கணக்குப் பதிவு, இணைய வேலை, காணொலிச் சந்திப்பு, நிரல் எழுதுதல், ஓரளவு படத் திருத்தம் ஆகியவற்றுக்கு இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் தாராளமாகப் போதும். மணிக்கணக்கில் காணொலி தொகுப்பவர்களும் கனமான விளையாட்டுகளை ஆடுபவர்களும் இதில் இறங்காதிருப்பது நல்லது. மெல்லிய உடலால் தொடர்ச்சியான வெப்பத்தை வெளியேற்ற இயலாது. செயலி சிறிது நேரத்திலேயே தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரே கேபிளில் பல இணைப்புகளைத் தரும் பெட்டியான டாக்கை எவ்வளவு விலை கொடுத்து வாங்கிச் செருகினாலும் அந்த வரம்பு மாறாது.

எதையும் வாங்கும் முன் போர்ட்டைப் பாருங்கள்

பலரும் முதலில் மானிட்டரைத் தேடுகிறார்கள். தேடலைத் தொடங்க வேண்டிய இடமோ மடிக்கணினியின் பக்கவாட்டு. அங்குள்ள யுஎஸ்பி-சி போர்ட்டின் வடிவத்தைக் கொண்டு அதன் திறனை அறிய முடியாது. ஒன்று தரவை மட்டும் கடத்தும். இன்னொன்று தரவோடு மின்சாரத்தையும் ஏற்கும். மூன்றாவது இவற்றோடு திரைப்படிமத்தையும் வெளியே அனுப்பும். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே கணினியில் உள்ள இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டுகள்கூடச் சமமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

போர்ட்டின் அருகே பொறிக்கப்பட்டுள்ள குறிகள் ஓரளவு உதவும். பேட்டரி அல்லது பிளக் உருவம் இருந்தால் அதன் வழியே சார்ஜ் ஏற்றலாம். ஆங்கில எழுத்துகளான டி-யும் பி-யும் பின்னிய குறி இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட் என்ற திரை இணைப்பு முறையில் படிமம் வெளியே வரும். முனையில் அம்புள்ள மின்னல் கீற்று இருந்தால் அது தரவு, படிமம், மின்சாரம் மூன்றையும் கடத்தும் அதிவேக இணைப்பான தண்டர்போல்ட். பல மாதிரிகளில் எந்தக் குறியும் இருப்பதில்லை. அப்போது தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாதிரி எண்ணுக்குரிய விவரப் பக்கத்தைத் திறந்து, ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’, ‘பவர் டெலிவரி’ என்ற இரு சொற்றொடர்கள் அந்தப் போர்ட்டுக்கு எதிரே உள்ளனவா என்று பார்க்க வேண்டும். 2020-இல் அறிமுகமான தண்டர்போல்ட் 4 இருந்தால் கவலை குறைவு. இரண்டு 4கே (3840 × 2160 புள்ளிகள்) திரைகளைத் தாங்குவதும், மெல்லிய மடிக்கணினிகளில் குறைந்தது ஒரு போர்ட்டின் வழியே சார்ஜ் ஏற்றுவதும் அந்தத் தரநிலையின் கட்டாய நிபந்தனைகள்.

எத்தனை மானிட்டர்களை இணைக்கலாம் என்பதைச் செயலியும் தீர்மானிக்கிறது. ஆப்பிளின் மேக்புக் ஏர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: எம்1, எம்2 செயலிகள் கொண்ட மாதிரிகள் ஒரே ஒரு வெளி மானிட்டரை மட்டுமே ஏற்கும், எம்3 மாதிரி மூடியை மூடி வைத்தால் இரண்டை ஏற்கும், எம்4 மாதிரி மூடி திறந்திருக்கும்போதே இரண்டை ஏற்கும். இந்த வரம்பைத் தாண்ட டிஸ்ப்ளேலிங்க் என்ற தொழில்நுட்பம் உண்டு. அது படிமத்தை மென்பொருளால் சுருக்கிச் சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்புவதால், தனி டிரைவர் மென்பொருளை நிறுவ வேண்டும்; செயலியின் உழைப்பில் ஒரு பங்கு அதற்குப் போகும்; பதிப்புரிமைப் பாதுகாப்புள்ள படங்கள் திரையில் கறுப்பாகத் தெரியக்கூடும். ஆவணங்களைப் பரப்பி வைக்க இரண்டாவது திரை கட்டாயம் தேவைப்படுபவர்களுக்கு இது உதவும். மற்றவர்கள் இதைக் கடைசி வழியாகவே கருத வேண்டும்.

பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது கேபிளை. மடிக்கணினியின் சார்ஜருடன் வரும் யுஎஸ்பி-சி கேபிள்களில் பல மின்சாரத்தையும் யுஎஸ்பி 2.0 வேகத்தில் தரவையும் மட்டுமே கடத்தும். அவற்றை மானிட்டரில் செருகினால் சார்ஜ் ஏறும், படம் வராது. பழி மானிட்டரின் மேல் விழும். மின்சாரத்திலும் வேறுபாடு உண்டு: சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 60 வாட் வரை மட்டுமே கடத்தும், அதற்கு மேல் வேண்டுமானால் அடையாளச் சில்லு பொதிந்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. மானிட்டரோடு அல்லது டாக்கோடு வந்த கேபிளையே பயன்படுத்துவதும், அதன் தலையில் ஒரு சிறு காகிதத்தை ஒட்டி மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பதும் பின்னால் வரும் பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

மடிக்கணினி பழையதாக இருந்து யுஎஸ்பி-சி வழியே படிமம் வராதென்றால் மனந்தளர வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ கேபிள் மானிட்டருக்கு, சார்ஜர் மின்சாரத்துக்கு, ஒரு போர்ட்டைப் பலவாக்கும் யுஎஸ்பி ஹப் மற்ற கருவிகளுக்கு என மூன்று இணைப்புகளில் வேலை முடிந்துவிடும்.

ஒற்றைக் கேபிளே இலக்கு

மடிக்கணினியை வெளியே எடுத்துச் செல்லவும் வேண்டும், திரும்பி வந்ததும் மேசைக் கணினியாக்கவும் வேண்டும் என்றால், இணைப்பது ஒற்றைச் செயலாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு முறையும் ஐந்து வயர்களைத் தேடிச் செருக வேண்டியிருந்தால், சோம்பல் வென்றுவிடும். மானிட்டர் சும்மா நிற்க, மடிக்கணினி மறுபடியும் மடிக்கே வந்துவிடும்.

இனிமேல்தான் மானிட்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால், யுஎஸ்பி-சி வழியே மின்சாரம் தரும் மானிட்டரே மிகச் சிறந்த தேர்வு. படிமம், சார்ஜ், மானிட்டரின் பின்புறமுள்ள யுஎஸ்பி போர்ட்டுகள் ஆகிய மூன்றும் ஒரே கேபிளில் வந்துவிடுவதால் தனியாக ஹப் தேவைப்படாது. விசைப்பலகையையும் மவுஸையும் மானிட்டரிலேயே நிரந்தரமாகச் செருகி வைக்கலாம். வாங்கும்போது அது எத்தனை வாட் தருகிறது என்பதைப் பாருங்கள். உங்கள் சார்ஜரின் மேல் 45 வாட் அல்லது 65 வாட் என்று அச்சிடப்பட்டிருக்கும். மானிட்டர் தரும் அளவு அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் சார்ஜ் மெதுவாக ஏறும், கடும் வேலையின்போது செருகியிருக்கும் நிலையிலேயே இறங்கவும் கூடும்.

மானிட்டர் ஏற்கெனவே இருந்தால் யுஎஸ்பி-சி ஹப் போதும். இதில் ஒரு பொறி உண்டு. மலிவான ஹப்புகளில் பல, 4கே படிமத்தை நொடிக்கு 30 முறை (30 ஹெர்ட்ஸ்) மட்டுமே புதுப்பிக்கும். படம் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் மவுஸ் குறி இழுபடும், பக்கங்களை உருட்டும்போது எழுத்துகள் துள்ளும், காரணம் புரியாமலே கண் சோர்ந்துபோகும். யுஎஸ்பி-சி இணைப்பின் நான்கு அதிவேகத் தடங்களில் இரண்டைப் படிமத்துக்கும் இரண்டைத் தரவுக்கும் ஹப் பகிர்ந்தளிப்பதே இதற்குப் பின்னாலுள்ள காரணம். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 மட்டும் உள்ள கணினியால் இரண்டு தடங்களில் 4கே 30 ஹெர்ட்ஸைத் தாண்ட முடியாது, 1.4 உள்ள கணினியால் அதே இரண்டு தடங்களில் 60 ஹெர்ட்ஸ் அனுப்ப முடியும். ஆகவே ‘4கே 60 ஹெர்ட்ஸ்’ என்று ஹப்பின் பெட்டியில் இருப்பது மட்டும் போதாது. கணினியும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். மானிட்டர் 1080பி அல்லது 1440பி என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

சார்ஜரை ஹப்பின் வழியே செருகும்போது ஹப் தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியையே கணினிக்குத் தரும். 65 வாட் சார்ஜரைச் செருகினால் கணினிக்கு ஏறத்தாழ 50 வாட் வரும் என்று வைத்துக்கொள்ளலாம். மேலும், ஹப்பில் சார்ஜரைச் செருகும் அல்லது கழற்றும் கணத்தில், அதில் இணைந்துள்ள கருவிகள் ஒரு நொடி துண்டிக்கப்பட்டுத் திரும்பி வருவது பல ஹப்புகளின் இயல்பு. விசைப்பலகைக்கு அதனால் கேடில்லை. கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் வெளி வட்டுக்கு அது ஆபத்து.

இரண்டு மானிட்டர்கள், கம்பி வழி இணையம், பல வட்டுகள் என்று விரிவான மேசை தேவைப்படுபவர்கள் தனி மின்னிணைப்புள்ள டாக்கை நாடலாம். மேக் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பை இரண்டு திரைகளுக்குப் பிரித்துத் தரும் எம்எஸ்டி முறையை விண்டோஸ் ஏற்கிறது. மேக் ஏற்பதில்லை, இரண்டு திரைகளிலும் ஒரே படிமத்தையே காட்டும். அவர்களுக்கு ஏற்றது தண்டர்போல்ட் டாக், அதுவும் அவர்களுடைய செயலி இரண்டு திரைகளை அனுமதித்தால் மட்டுமே.

மூடியைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா

மேசை சிறியதென்றால் மூடி, செங்குத்துத் தாங்கியில் நிறுத்தி வைக்கும் ஆசை வரும். அதற்கு முன் வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்று பாருங்கள். பல மெல்லிய மடிக்கணினிகள் அடிப்புறத்தில் காற்றை இழுத்துக் கீலின் ஓரமாக வெளியே தள்ளுகின்றன. மூடியை மூடும்போது சில மாதிரிகளில் அந்த வழி பாதி அடைபட்டுப்போகும். விசிறியே இல்லாத கணினிகளில் உலோக உடல்தான் வெப்பத்தை வெளியேற்றும் பரப்பு; அதன் இருபுறமும் காற்றோட்டம் வேண்டும். தாங்கியின் இரப்பர்ப் பட்டைகள் காற்றுத் துளைகளை மறைக்காதபடி நிறுத்த வேண்டும். கீல் மேற்புறமாக இருந்தால் சூடான காற்று எளிதில் எழும்பிப் போகும். மெத்தை, துணி விரிப்பு, காகிதக் குவியல் ஆகியவற்றின் மேல் வைத்து வேலை செய்வது எந்த மாதிரிக்கும் ஆகாது.

இடமிருந்தால் மூடியைத் திறந்து, சாய்வுத் தாங்கியில் பக்கத்தில் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். சிறிய திரையில் அரட்டையையோ இசையையோ நாட்காட்டியையோ நிறுத்தி வைக்கலாம். கேமரா, மைக், கைரேகை உணரி, மின்பொத்தான் ஆகிய நான்கும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். மூடினால் இந்த நான்கையும் இழப்பீர்கள். ஆப்பிளின் சொந்தச் செயலி கொண்ட (ஆப்பிள் சிலிக்கன்) மேக்புக்குகளில் மூடியை மூடியதும் மைக் வன்பொருள் அளவிலேயே துண்டிக்கப்படுகிறது என்பதால், மூடிய நிலையில் சந்திப்புகளில் பேசத் தனி ஹெட்செட்டோ வெப்கேமோ தேவைப்படும்.

மூடித்தான் பயன்படுத்துவேன் என்றால் அமைப்பில் ஒரு மாற்றம் வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, மின்சாரத்தில் இணைந்திருக்கும் நிலைக்கு மட்டும் ‘டூ நத்திங்’ என்று தேர்வு செய்யுங்கள். பேட்டரியில் இயங்கும் நிலைக்கு ‘ஸ்லீப்’ என்பதே இருக்கட்டும். இரண்டையும் மாற்றிவிட்டால், மூடிய கணினி பைக்குள்ளும் ஓடிக்கொண்டே இருந்து கொதித்துப்போகும். மேக்கில் தனி அமைப்பு வேண்டியதில்லை. சார்ஜர், வெளி மானிட்டர், வெளி விசைப்பலகை, மவுஸ் ஆகியவை இணைந்திருந்தால் மூடிய பிறகும் இயங்கும். பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளில் வெளித் திரை இணைந்திருக்கும்வரை மூடியை மூடினாலும் கணினி உறங்காது.

பேட்டரி

மேசையிலேயே தங்கிவிடும் மடிக்கணினி எப்போதும் சார்ஜரில் இருக்கும். அதனால் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிவிடும் என்ற அச்சம் தேவையில்லை. நிறைந்ததும் சுற்று தானே ஏற்றத்தை நிறுத்திவிடும். உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரி முழு நிறைவிலும் வெப்பத்திலும் ஒருசேரக் கிடந்தால் விரைவில் முதுமை அடைகிறது. மேசை வாழ்க்கை இந்த இரண்டையும் தொடர்ந்து தருகிறது.

மாற்று எளிது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதியைத் தருகிறார்கள். லெனோவோவில் வான்டேஜ் மென்பொருளிலும், ஆசஸில் மைஆசஸ் மென்பொருளிலும் அது உள்ளது. வேறு சிலவற்றில், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் இருக்கும். லினக்ஸில் டிஎல்பி போன்ற கருவியால், வன்பொருள் இடம் கொடுத்தால், அதே வரம்பை வைக்கலாம். மேக் தன் பயனரின் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு முழு நிறைவைத் தள்ளிப்போடும் வசதியைத் தருகிறது. மேசைக் கணினியாக அமைக்கும் முதல் நாளே இதைச் செய்துவிடுவது நல்லது. பயணத்துக்கு முந்தைய இரவில் மட்டும் வரம்பை எடுத்துவிட்டு முழுதாக ஏற்றிக்கொள்ளலாம். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, உடல் சமதளத்தில் ஆடினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது சார்ஜ் ஏற்றுவதை உடனே நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். குத்தியோ அழுத்தியோ பார்க்கக் கூடாது.

பேட்டரி இருப்பதால் ஓர் ஆதாயமும் உண்டு. மின்சாரம் போனால் சாதாரண மேசைக் கணினி அணைந்துவிடும், இது அணையாது. ஆனால் மானிட்டர், டாக், ரவுட்டர் மூன்றும் அணையும் என்பதையும், டாக்கிலிருந்து மின்சாரம் பெறும் வெளி வட்டு அந்தக் கணமே அறுபடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். காப்புப் பிரதி எடுக்கும் வட்டை, இடமிருந்தால், மடிக்கணினியின் சொந்தப் போர்ட்டிலேயே செருகுவது பாதுகாப்பானது.

மானிட்டரும் விசைப்பலகையும்

24 அங்குல மானிட்டருக்கு 1920 × 1080 புள்ளிகள் ஓரளவு போதும். 27 அங்குலத்துக்கு 2560 × 1440 ஆவது வேண்டும். தமிழில் நிறையப் படித்து எழுதுபவர் 27 அங்குல 4கே திரையை எண்ணிப் பார்க்கலாம். ணகர, னகரச் சுழிகளும் உகரக் கொக்கிகளும் புள்ளிச் செறிவு குறைந்த திரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மங்கும். செறிவான திரையில் எழுத்தை 150 விழுக்காடு பெரிதாக்கி வைத்தால் அச்சுப் பக்கம்போலத் தெரியும். மடிக்கணினித் திரைக்கும் மானிட்டருக்கும் பெரிதாக்கல் அளவைத் தனித்தனியே அமைத்து, ஒரே சாளரம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் தோன்றும்படி செய்துகொள்ளுங்கள்.

மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். இருபார்வைக் கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே திரையைப் பார்க்கத் தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார்கள். அவர்களுக்குத் திரை இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும். முழங்கை செங்கோணத்தில் மடங்கி, மணிக்கட்டு நேராக இருக்கும் உயரத்தில் விசைப்பலகையை வையுங்கள்.

கம்பியில்லா மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் மவுஸைக் குறை கூறும் முன் அதன் ரிசீவர் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில் இரைச்சலை உமிழ்கின்றன. இன்டெல் 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையே இதை விளக்கியிருக்கிறது. வேகமான வட்டுக்கு அருகே ஹப்பில் ரிசீவரைச் செருகினால் இரைச்சலில் அதன் குறிகை மூழ்கிவிடும். ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மவுஸின் அருகே கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

அன்றாட ஓட்டம்

விண்டோஸ் விசையுடன் பி-யை அழுத்தினால் திரைகளை நீட்டுவதா, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதா என்று தேர்ந்தெடுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத திரையில் சாளரம் சிக்கிக்கொண்டால், அதைத் தேர்ந்தெடுத்து விண்டோஸ் விசை, ஷிப்ட், அம்பு விசை ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் இந்தத் திரைக்கு வந்துவிடும். எச்டிஎம்ஐ அல்லது யுஎஸ்பி-சி இணைந்ததும் ஒலி மானிட்டருக்குத் தாவிவிடுவது வழக்கம். மானிட்டரில் ஒலிபெருக்கி இல்லாவிட்டால் எதுவும் கேட்காது. ஒலி அமைப்பில் வெளியீட்டுக் கருவியை மாற்றினால் போதும். கம்பி வழி இணையத்தை ஹப்பில் இணைக்க முடிந்தால் இணையுங்கள். நீண்ட சந்திப்புகளில் அதன் நிலைத்தன்மை தெரியும்.

படம் வராதபோது கேபிளிலிருந்து தொடங்கிச் சோதிப்பதே விரைவான வழி. மானிட்டரோடு வந்த கேபிளைச் செருகிப் பாருங்கள். பிறகு கணினியின் மற்றொரு போர்ட். பிறகு மானிட்டரின் பட்டியலில் தேர்வான உள்ளீடு. பிறகு ஹப்பின் மின்சாரத்தைக் கழற்றி மீண்டும் செருகுதல். இவை பயன்படாதபோது மட்டும் டிரைவரையும், கருவிக்குள்ளேயே பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேரையும் தொடலாம்.

மேசையை விட்டுக் கணினியை எடுக்கும்போது முதலில் வெளி வட்டை முறைப்படி விலக்குங்கள், அடுத்துக் கணினியைத் தூக்க நிலைக்கு அனுப்புங்கள், திரை அணைந்ததும் கேபிளைக் கழற்றுங்கள். மூடிய நிலையில் பயன்படுத்துபவர்கள் பையில் வைக்கும் முன் ஒரு முறை மூடியைத் திறந்து, கணினி உண்மையிலேயே உறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.